அடுத்த அறையில் சிங்கம்

பனி பெய்யத் தொடங்கிய நாலாவது நாள் காலையில் எர்சிலியாவின் கைவசம் இருந்த விளையாட்டுகள் எல்லாம் தீர்ந்துபோயின.

அஞ்சாங்கல் ஆடியாயிற்று. ஐந்தில் ஒரு கல்லை மூன்று வயது மில்லா விழுங்கிவிட்டாள். அது எப்போது வெளியே வரும் என்று காத்திருந்ததே ஒரு நாள் விளையாட்டாக ஓடியது. பொத்தான் டப்பாவைக் கொட்டிக் கடை வைத்தார்கள். கடைக்காரன் சீரோவுக்கு ஐந்து வயது, வாங்க வந்த அக்கா ஐலெனுக்கு எட்டு. அவள் கேட்ட பொத்தானை அவன் தரமாட்டேன் என்றான். கடை அடிதடியில் மூடியது. கம்பளி நூற்கும் கதிரைத் தரையில் சுழலவிட்டுப் பந்தயம் வைத்தார்கள். ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்த்தார்கள். ஐலென் தலையில் பதினொன்று, சீரோ தலையில் நாலு. தோற்றுப்போனேன் என்று சீரோ அரைமணி நேரம் அழுதான்.

வெளியே துரத்திவிடலாம் என்றால் வெளியே என்று ஒன்று இல்லை. கதவைத் திறந்தால், பலகைக் கோடுகள் முதற்கொண்டு கதவின் அச்சு பனிச்சுவரில் பதிந்து நின்றது. சன்னலின் மேல்பாதி வழியாக மட்டும் சாம்பல் நிறத்தில் வெளிச்சம் வந்தது. பூமியின் தென்கோடியில் உள்ள சூபுத் மேட்டுநிலத்துக்கு ஜூன் குளிர்காலம், அப்போது பனி பெய்வது யாருக்கும் அதிசயமில்லை. பெய்யும், மறுநாள் காற்று வந்து வாரிக்கொண்டு போய்விடும். அந்த வருஷம் காற்று வரவில்லை. பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி, சத்தமே இல்லாமல், நேர்கீழாகப் பெய்துகொண்டிருந்தது.

அது பண்ணையின் கடைசிக் காவல் வீடு. மண்கல் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை. முன்னறையில் இரும்பு அடுப்பு, மேசை, பிள்ளைகளின் படுக்கை. பின்னறையில் எர்சிலியாவின் புருஷன் ஃப்ரோய்லான் அந்தியேக்கோ கால் உடைந்து கிடந்தான்.

இரண்டாம் நாள் மதியம், ஓடைப் பள்ளத்தில் மாட்டிக்கொண்ட கிடாய்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டு வருகிறேன் என்று போனான். பனிக்கு அடியில் ஊற்றுத் தண்ணீர் உறைந்து கிடந்தது. குதிரை அதில் சறுக்கி அவனுடைய இடது கால்மேல் விழுந்து உருண்டு எழுந்து, எங்கோ போய்விட்டது. நாய்க்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்தவனை எர்சிலியா வேலியருகே பார்த்தாள். ஆட்டுத்தோலில் கிடத்தி இழுத்து வந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஆட்டுக்குக் கால் முறிந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மனிதனுக்கு அதைச் செய்ய முடியாது. ஆட்டுப் புண்ணுக்கு ஊற்றும் கிரியோலினை ஊற்றி, ஆப்பிள் பெட்டியின் சட்டம் இரண்டை வைத்துக் கட்டினாள்.

பண்ணையின் பெரிய வீடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி. அதோடு பேசுகிற கருவி ஒன்று சுவரில் இருந்தது. பழுது பார்த்துத் தருகிறேன் என்று மேலாளர் மார்ச் மாதம் கழற்றிக்கொண்டு போனவர்தான். ஆணி மட்டும் மிச்சம். பேட்டரி ரேடியோ ஒன்று உண்டு. அது பேசும், ஆனால் யார் பேசுவதையும் கேட்காது.

நாலாவது நாள் காலை எர்சிலியா மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஃப்ரோய்லான் புரண்டு படுக்கப் பார்த்திருக்கிறான். பின்னறையிலிருந்து வந்த சத்தத்தில் மில்லா வீறிட்டு அழுதாள். சீரோவின் கையிலிருந்த கதிர் விழுந்தது.

"அம்மா, அப்பாக்கு என்ன?"

எர்சிலியா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "அது அப்பா இல்லலே. சிங்கம்."

அந்தப் பக்கத்தில் பூமாவைச் சிங்கம் என்றுதான் சொல்வார்கள். குளிர்காலத்தில் பட்டிக்கு வந்து, தின்பதற்கு ஒன்று, வேடிக்கைக்கு இருபது என்று ஆட்டைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும் சிங்கம் சீரோவுக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம்விடப் பெரியது.

"சிங்கமா?"

"ஆமா. உங்கப்பா சிங்கமாயிட்டாரு. அது உறுமினா எல்லாரும் ஓடிப்போயி மேசைக்கு அடியில ஒளிஞ்சுக்கிடணும். கடைசியா வாரவங்கள அது தின்னுரும்."

சீரோ யோசித்தான். மில்லா அழுகையை நிறுத்தி, மூக்கு வழிய அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பாக்கு கால்தான ஒடிஞ்சிது?" என்றாள் ஐலென். தோலில் கிடத்தி இழுத்து வந்தபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

"கால் ஒடிஞ்சதாலதான் சிங்கமாயிட்டாரு. போடி, நீயும் போயி ஒளி."

பின்னறையில் மறுபடி சத்தம் வந்தது. சீரோ "சிங்கம்!" என்று கத்திக்கொண்டு மேசைக்கு அடியில் பாய்ந்தான். மில்லா தவழ்ந்து போனாள். கடைசியாக, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஐலெனும் குனிந்து உள்ளே போனாள். மூன்றாவது உறுமலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலை வரை ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளவில்லை. நான்கு நாளில் முதல் முறையாக எர்சிலியா உட்கார்ந்து ஒரு கிண்ணம் மாத்தே இலைக் கஷாயம் உறிஞ்சிக் குடித்தாள்.

பிறகு மாத்தேயை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

"என்னட்டி அங்க கும்மாளம்?" என்றான் ஃப்ரோய்லான். முகம் மெழுகு மாதிரி இருந்தாலும் வாய் இன்னும் அவனுடைய வாய்தான். ஊரில் சீட்டு மேசையில் இவன் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் தோற்றுப்போவார்கள்.

"நீரு சிங்கமாம். நீரு கத்துனா அதுக ஒளிஞ்சுக்கிடுது."

"சிங்கமா?" சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு காலுக்குப் போய்ப் பல்லைக் கடித்தான். "நொண்டிச் சிங்கத்துக்கு எவன்டி பயப்படுவான்? ஒரு செம்மறி முட்டினாலே விழுந்துருவேன்."

"உம்ம பிள்ளேளு பயப்படுது. அது போதும்."

"அப்பம் வலி இல்லாதப்பவும் ஒண்ணு ரெண்டு உறுமுதேன். ஏமாந்துறக் கூடாதுல்ல."

சொன்னபடி செய்தான். ஐந்தாம் நாள் முழுவதும், வலிக்கிற உறுமலுக்கு நடுநடுவே வலிக்காத உறுமலும் வந்தது. வேண்டுமென்றே நீட்டி, கடைசியில் ஒரு கனைப்பு வைத்து உறுமுவான். முன்னறையில் மூன்றும் விழுந்து புரண்டன. கிடாய்க் கொழுப்பில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்த எர்சிலியாவுக்கும் ஒருமுறை சிரிப்பு வந்துவிட்டது. எந்த உறுமல் வலிக்கிற உறுமல் என்று அவளுக்கு மட்டும் தெரியும். வலிக்கிற உறுமலுக்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பு இருக்கும்.

மதியம் ரேடியோவில் வட்டாரத்து ஆட்களுக்கான சேதி வாசித்தார்கள். ஒவ்வொரு பண்ணைப் பெயராக வந்தது. யாருக்கோ பேரன் பிறந்திருந்தான். யாரோ மூக்குக்கண்ணாடியை பஸ்ஸில் மறந்து வைத்திருந்தார்கள். "அந்தியேக்கோ குடும்பத்துக்கு" என்றதும் எர்சிலியா கரண்டியோடு அப்படியே நின்றாள். கடைசிக் குழந்தைக்குத் தடுப்பூசி போடவேண்டிய நாள் வருகிற வியாழக்கிழமை என்றும், தவறாமல் ஊருக்குக் கூட்டிவரும்படியும் சுகாதார நிலையத்திலிருந்து தெரிவித்திருந்தார்கள்.

"அம்மா, நம்ம பேரு!" என்று சீரோ குதித்தான். "நம்ம பேரச் சொல்லிட்டாங்க!"

"ஆமா, சொல்லிட்டாங்க" என்றாள் எர்சிலியா.

ஆறாம் நாள் பனி நின்றது, குளிர் கடுமையாயிற்று. வாளித் தண்ணீர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உறைந்தது. ஃப்ரோய்லானின் கால் முழங்கால் வரை கறுத்திருந்தது. போர்வையைத் தூக்கியதும் வந்த நாற்றத்தை அவள் அறிவாள். வேலியில் சிக்கிச் செத்து ஒரு வாரம் கிடந்த ஆட்டின் நாற்றம். அவனும் அறிவான்.

"மே மாசமே சொன்னேன்" என்றாள் கட்டை அவிழ்த்துக்கொண்டே. "ஊருக்குப் போயிருவோம், பிள்ள பள்ளிக்கூடம் போகட்டும், குளிர் காலம் முடிஞ்சு வருவோம்னு."

"போயிருந்தா மேலாளர் இந்த எடத்துல வேற ஆளப் போட்டிருப்பான்."

"இப்பம் மட்டும்? போடமாட்டானா?"

அவள் கிரியோலினை ஊற்றினாள். மூச்சு இழுப்பு வந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் மேசைக்கு அடியில் பாய்கிற சத்தமும், யாருடைய தலையோ மேசைக்காலில் இடிக்கிற சத்தமும், சிரிப்பும் கேட்டன.

மறுநாள் சான் ஹுவான் பண்டிகை. ஆண்டின் மிகச் சின்னப் பகல்களில் ஒன்று. சன்னலின் மேல்பாதி வழியாக எர்சிலியா வெளியே ஏறினாள். "அம்மா எரிமலை செய்யப் போறேன். எல்லாரும் சன்னல்ல நின்னு பாக்கணும். எவன் நகருதானோ அவனுக்கு ரொட்டி கிடையாது" என்று சொல்லிவிட்டு, இடுப்பளவு பனியில் மண்வெட்டியால் வழிவெட்டிக் கொட்டகைக்குப் போனாள். இருபதடி தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அங்கே கிடந்த பழைய லாரி டயரை உருட்டி வந்து, விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் பாதியைக் கொட்டிக் கொளுத்தினாள். காற்றில்லாத வானத்தில் கரும்புகை தூண் மாதிரி நேராக ஏறியது. பதினைந்து கிலோமீட்டர் மேற்கே கிழவர் கிலாக்கேயோவின் வீடு. அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

பிள்ளைகள் சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு கைதட்டின. டயர் மாலை வரை எரிந்தது. யாரும் வரவில்லை. மறுநாளும் யாரும் வரவில்லை. இன்னொரு டயர் இல்லை.

எட்டாம் நாள் ஃப்ரோய்லானுக்குக் காய்ச்சல் ஏறியது. நொண்டிச் சிங்கமாக நடந்து காட்டிய சீரோவை எர்சிலியா அன்று கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கையாலேயே சர்க்கரையைக் காய்ச்சி மிட்டாய் செய்து கொடுத்தாள். இரண்டு காரியத்துக்கும் அவன் ஒரே மாதிரி விழித்தான்.

"எர்சி" என்றான் ஃப்ரோய்லான், அவள் தண்ணீர் கொண்டு போனபோது. "அந்தத் துப்பாக்கிய எடுத்துக் குடு."

"அதுல ரெண்டு குண்டுதான் கெடக்கு. உப்புக்கண்டம் இன்னும் நாலு நாளைக்குத்தான் வரும். அதுக்கப்புறம் முயல் கிடைச்சா அடிக்கணும்."

"ஒரு குண்டு போதும்டி எனக்கு."

"சத்தம் கேட்டா அதுகளுக்கு நான் என்னன்னு சொல்ல? வேட்டைக்காரன் வந்து சிங்கத்தச் சுட்டுட்டான்னா?"

அவன் கூரைத் தகரத்தைப் பார்த்தான். "கல்நெஞ்சுக்காரிட்டி நீ."

"உம்மோட பதினோரு வருசம். எங்கேருந்து கத்துக்கிட்டேன்னு நெனைக்கீரு?"

"சரி, துப்பாக்கி வேணாம். பிள்ளேளக் கூட்டிட்டு வா. பாக்கணும்."

அவள் அவனைப் பார்த்தாள். கன்னம் உள்ளே போய், கண் மஞ்சளாகி, உதடு வெடித்து, தாடியில் எச்சில் உறைந்திருந்தது. மூன்று போர்வையைத் தாண்டி நாற்றம் வந்தது.

"வேணாம்."

"ஏன்?"

"கண்ணாடி இருந்தா காட்டுவேன். உம்ம மூஞ்சி இப்பம் உம்ம மூஞ்சியா இல்ல. அதுக நெனப்புல வேற மூஞ்சி இருக்கு. அது அப்படியே இருக்கட்டும்."

"எம்பிள்ளேளு."

"எம்பிள்ளேளும்தான். இங்கேருந்து கேளும். சத்தம் கேக்குதுல்ல? அது போதும் உமக்கு."

"மூத்தவள மட்டுமாவது அனுப்பு. அவளுக்கு வயசு எட்டு. அவ பயப்படமாட்டா."

"எட்டு வயசுதான் ஆவுது" என்றாள் எர்சிலியா. "செத்துப்போறது லேசு. நீரு படுத்திருந்தாப் போதும். இதுகளோட அம்பது வருசம் கெடந்து மாரடிக்கப்போறவ நான்."

சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சொன்னது அதிகம் என்று தெரிந்தது. ஆனால் சீரோ மில்லாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அடுப்பில் விறகு தீர்ந்திருந்தது. ஆட்டுப்புழுக்கை மூட்டையை அவிழ்த்து அடுப்பில் போடவேண்டியிருந்தது. திரும்பிப் போய் இன்னொரு வார்த்தை சொல்ல அப்போது நேரமில்லை.

ஒன்பதாம் நாள் அவனுடைய உறுமல் மாறியது. இப்போது அது நீளமாக, தேய்ந்து, விட்டுவிட்டு வந்தது. காய்ச்சலில் அவன் அவளை இல்லாத பெயர்களால் கூப்பிட்டான். செத்துப்போன தம்பியோடு பேசினான். மதியத்துக்கு மேல் ஒரு சத்தம் நெடுநேரம் வந்தது. ஆ என்று தொடங்கி, ஏ என்று இழுத்து, மூக்கில் போய் முடிந்தது. மறுபடி அதே மாதிரி. மறுபடியும்.

"புதுச் சிங்கம்! புதுச் சிங்கம்!" என்று சீரோ கத்தினான். மேசைக்கு அடியில் மூவரும் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்து சிரித்தார்கள். ஐலென் மில்லாவின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எர்சிலியா மாவில் கையை வைத்தபடி நின்றாள். அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்கு முதல் தடவையிலேயே புரிந்திருந்தது. அவள் கதவின் பக்கம் போகவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

பத்தாம் நாள் காலை ஆட்டெலும்பு ரசத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனாள். ஃப்ரோய்லான் வாய் திறந்தபடி, முகத்தைக் கதவின் பக்கம் திருப்பிக் கிடந்தான். கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். கையைத் தொட்டாள். அடுப்பில்லாத அறையில் எல்லாப் பொருளும் எந்தக் குளிரில் இருந்ததோ அந்தக் குளிரில் இருந்தது கை.

அழுவதற்கு முன்னால் கதவை யாரோ தட்டினார்கள். சீரோவின் சின்ன முட்டி.

"அம்மா! சிங்கம் ஏன் உறுமல?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, உறுமச் சொல்லும்மா! நாங்க நிக்கோம்!"

"சிங்கம்! சிங்கம்!" என்று மில்லாவும் தட்டத் தொடங்கினாள். நாலு கை கதவில் தாளம் போட்டது. தாழ்ப்பாள் பழைய தாழ்ப்பாள். இன்னும் ரெண்டு தட்டினால் விலகிவிடும்.

எர்சிலியா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அடிவயிற்றிலிருந்து உறுமினாள்.

கதவுக்கு அந்தப்பக்கம் வீறிடலும் ஓட்டமும் மேசைக்கு அடியில் விழுகிற சத்தமும் கேட்டன. ஒருமுறை தொடங்கியது சட்டென்று நிற்கவில்லை. இரண்டாவது தடவையும் உறுமினாள். மூன்றாவது தடவையும். பத்து நாள் அழாததெல்லாம் அந்தச் சத்தத்தில் போயிற்று. பிள்ளைகள் அவ்வளவு சந்தோஷமாக அதுவரை சிரித்ததில்லை.

பிறகு அவன் வாயை மூடி, கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டாள். பின்னறைச் சன்னலைத் திறந்து, வெளியே குவிந்திருந்த பனியை உள்ளே வாரிப் போட்டாள். குளிர் இருக்கிறவரை உடல் கெடாது. வெளியே வந்து கதவிடுக்கில் ஆப்பு அடித்தாள்.

"சிங்கத்துக்குக் கோவம். இனிமே யாரும் கதவத் தொடக்கூடாது. உறுமுறது மட்டும் கேக்கும்."

"நீ உள்ள இருந்தப்பம் உன்னத் தின்னலியா?" என்றான் சீரோ.

"என் சதை கசக்கும்னு சொல்லிட்டு."

அன்று மாலை அவள் நூற்ற கம்பளியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஐலென் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "சிங்கத்துக்குத் தொண்ட மாறிருச்சு."

"சளி பிடிச்சிருக்கும்."

மறுநாளும் ஆப்பை எடுத்துவிட்டு உள்ளே போய் எர்சிலியா உறுமினாள். மூச்சு புகையாக வந்தது. போர்வைமேல் பனித்தூள் படிந்திருந்தது. வெளியே வந்தபோது சீரோவும் மில்லாவும் மேசைக்கு அடியில் கிடந்தார்கள். ஐலென் அறையின் நடுவில், தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அக்கா ஒளியல! சிங்கம் அவளத் தின்னுட்டு!"

"ஆமா. தின்னுட்டு" என்றாள் ஐலென்.

சின்னவர்கள் இருவரும் தூங்கிய பிற்பகலில் அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எர்சிலியா உப்புக்கண்டத்தின் கடைசித் துண்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அது நீதான்."

எர்சிலியா தட்டுவதை நிறுத்தினாள்.

"அப்பா செத்துட்டாருல்ல?"

"மெதுவாப் பேசு."

"அன்னைக்குப் புதுச் சிங்கம்னு சீரோ சொன்னாம்லா. அது உறுமல் இல்லம்மா. அது என் பேரு." பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "ஆய்லேன், ஆய்லேன்னு கூப்பிட்டாரு. பன்னெண்டு தடவ. நான் எண்ணுனேன். எனக்கு மொதல்லயே தெரிஞ்சிட்டு."

"தெரிஞ்சா ஏன் போகல?"

கேட்டபிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று எர்சிலியாவுக்கு உறைத்தது.

"நீ ஒளின்னு சொன்ன" என்றாள் ஐலென். "ஒளிஞ்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நான் சிரிச்சது அவருக்குக் கேட்டிருக்கும்லாம்மா?"

எர்சிலியா சுத்தியலைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள். பிள்ளை ஓரடி பின்னால் போனாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் சுத்தியலை எடுத்தாள்.

"நீ போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. காலு அழுகிப்போச்சு. உன்னப் பாத்தா அழுகுனது சரியாயிருமா?" மறுபடி தட்டத் தொடங்கினாள். "சின்னதுக கிட்ட வாயத் தொறந்தேன்னு வையி, தோல உரிச்சிருவேன்."

"சொல்லமாட்டேன்" என்றாள் ஐலென். "ஆனா நீ சரியா உறுமல. அவரு மொதல்ல மூச்சு இழுப்பாரு."

பன்னிரண்டாம் நாளும் பதின்மூன்றாம் நாளும் எர்சிலியா உறுமினாள். ஐலென் சொன்னபடி மூச்சு இழுத்து உறுமினாள். முயல் ஒன்றும் கிடைக்கவில்லை. மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக் கொடுத்தாள். நாய்க்கு அதுவும் இல்லை. சின்னவர்கள் இருவரும் பசியில் சோர்ந்து, உறுமலுக்கு மெதுவாகத் தவழ்ந்துதான் போனார்கள். ஆனால் போகாமல் இருக்கவில்லை.

பதினாலாம் நாள் மதியம் மாகாணத்துச் சாலை எந்திரம் வந்தது. முன்னால் பெரிய தகட்டை வைத்துப் பனியைத் தள்ளிக்கொண்டு வருகிற மஞ்சள் எந்திரம், பின்னால் இழுத்துவந்த சறுக்குப் பலகையில் நாலு மூட்டை தீவனம். ஓட்டியவன் ரூஃபினோ என்கிற சிவந்த ஆள். கதவைத் தோண்டித் திறந்து, குனிந்து உள்ளே வந்து, கையுறையைக் கழற்றினான்.

"எர்சிலியாக்கா! ஆள் உசிரோட இருக்கீங்களே! எங்க அந்த வாயாடி? எனக்கு ஒரு மாத்தே போடச் சொல்லுங்க. கிலாக்கேயோ கிழவர் வீட்டுலேருந்துதான் வாரேன். சான் ஹுவான் அன்னைக்குப் புகையப் பாத்தாராம். 'இந்தப் பனியிலயும் பண்டிகைக்கு நெருப்பு வளக்குதான் பாரு ஃப்ரோய்லான், அவன் வீட்டுல எப்பவும் கொண்டாட்டந்தான்'னு சொல்லிச் சிரிக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. எர்சிலியா பின்னறைக் கதவைப் பார்த்தாள். ரூஃபினோவும் பார்த்தான். ஆப்பைப் பார்த்தான். கதவிடுக்கில் வெளியே வந்திருந்த பனியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"எப்பம்?" என்றான் தாழ்ந்த குரலில்.

"நாலு நாளாச்சு."

அவன் இரண்டு சின்னதுகளையும் பார்த்தான். "நீங்க பிள்ளேளக் கூட்டிட்டு எந்திரத்துல ஏறுங்கக்கா. இத நான் பாத்துக்கிடுதேன்."

எந்திரத்தின் கண்ணாடி அறைக்குள் சூடு இருந்தது. சீரோவும் மில்லாவும் அவ்வளவு உயரத்திலிருந்து உலகத்தைப் பார்த்ததே இல்லை. நெம்புகோல்களைத் தொட்டார்கள், கண்ணாடியில் ஊதிப் படம் வரைந்தார்கள். பின்னால் சறுக்குப் பலகையிலிருந்து தீவன மூட்டைகளை இறக்கிவிட்டு, ரூஃபினோ ஆட்டுத்தோலில் சுற்றிய ஒரு நீளப் பொதியை ஏற்றிக் கயிறு போட்டான். எர்சிலியா பிள்ளைகளின் முகத்தை முன்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். ஐலென் மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைத் திருப்ப எர்சிலியாவின் கை போகவில்லை.

ரூஃபினோ ஏறி உட்கார்ந்தான். எந்திரம் நகர்ந்தது. இருபுறமும் பனி ஆளுயரச் சுவராக நின்றது. அதில் அங்கங்கே, நின்ற நிலையில் உறைந்த ஆடுகளின் முதுகு தெரிந்தது. குழந்தைகளைப் பெற்றவன்தான் ரூஃபினோவும். கூரையிலிருந்து தொங்கிய சங்கிலியைக் காட்டினான்.

"ஏல தம்பி, இத இழு பாப்போம்."

சீரோ இழுத்தான். எந்திரத்தின் ஊதுகுழல் முழங்கியது. சீரோ வாய்பிளந்து, பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மில்லா தனக்கும் வேண்டும் என்றாள். அவளைத் தூக்கிப் பிடித்தார்கள். அவளும் இழுத்தாள். இரண்டும் மாறி மாறி இழுத்தன.

"பெரியவளே, நீயும் இழு" என்றான் ரூஃபினோ ஐலெனிடம்.

ஐலென் அவனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். எழுந்து நின்று சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழுக்கனத்தோடு தொங்கினாள். ஊதுகுழல் முழங்கியது. தம்பியும் தங்கையும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் விடவில்லை. வெள்ளை மேட்டுநிலம் முழுக்க அந்தச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. சிரித்த சின்னதுகள் சிரிப்பை நிறுத்தின. மில்லாவுக்கு அழுகை வந்தது. அவள் அப்போதும் விடவில்லை.

ரூஃபினோ கையை உயர்த்தப் போனான்.

"விடுங்க தம்பி" என்றாள் எர்சிலியா. "அவ இழுக்கட்டும்."